புராஸ்டேட் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி: யாருக்குக் கைகொடுக்கும்?

``டாக்டர், இம்யூனோதெரபினு புதுசா ஏதோ வந்திருக்காமே... அப்பாவுக்கு அதைக் குடுத்துப் பார்க்கலாமா?''

கேளம்பாக்கம், தையூர், நாவலூர் பக்கம் எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஐ.டி வேலை பார்க்கும் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அப்பாக்கள் நிறைய பேர். இரவில் நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போவதை, `வயசாயிடுச்சுல்ல' என்று விட்டுவிடுவார்கள். இடுப்பு வலிக்கு ஸ்கேன் எடுக்கும்போதுதான், புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருப்பது சிலருக்குத் தெரியவரும். அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டுகள் குவியும். அதில் அடிக்கடி வரும் வார்த்தை, இம்யூனோதெரபி.

நேரடியாகச் சொல்லிவிடலாம். முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் இன்றைய இம்யூனோதெரபி மருந்துகள் சிலருக்கு மிக நல்ல பலன் தருகின்றன, பெரும்பாலானவர்களுக்குத் தருவதில்லை. அந்தச் சிலர் யார் என்பதைப் பெரும்பாலும் ஒரு பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பரிசோதனையைச் செய்யாமல் லட்சங்களைச் செலவழிப்பதும் தவறு, செய்யாமலேயே வாய்ப்பை விட்டுவிடுவதும் தவறு.

முதல் ஆயுதம் ஹார்மோன் சிகிச்சைதான்

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் கட்டி சுருங்கும் என்று 1941-ல் நிரூபித்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் பரவிய நோய்க்கு அதுதான் அஸ்திவாரம். அதோடு அபிராடிரோன், என்சாலுடமைடு போன்ற மாத்திரைகளும், டோசிடாக்செல் என்ற கீமோவும் சேரும். பல வருடங்கள் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்க இவை உதவும்.

ஆனால், ஒருகட்டத்தில் ஹார்மோனை முழுக்கக் குறைத்த பிறகும் பி.எஸ்.ஏ அளவு ஏற ஆரம்பிக்கும். `அடுத்து என்ன?' என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

இம்யூனோதெரபி என்ன செய்கிறது?

நம் ரத்தத்தில் இருக்கும் டி-செல்கள் ரோந்து போலீஸ் மாதிரி. கெட்டுப்போன செல்லைக் கண்டால் அழிக்கும். அவை நல்ல செல்களையும் தாக்கிவிடாமலிருக்க, உடலே அவற்றுக்கு `பிரேக்' வைத்திருக்கிறது. புற்றுநோய் செல்கள் தந்திரமாக அந்த பிரேக்கை அழுத்திவிட்டுத் தப்பிக்கின்றன. பிரேக்கிலிருந்து காலை எடுக்க வைப்பவைதான் பெம்ப்ரோலிசுமாப், இபிலிமுமாப் போன்ற மருந்துகள். இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு விஷயம். `இம்யூனிட்டி பூஸ்டர்' என்று கடையில் விற்கும் பவுடருக்கும் கஷாயத்துக்கும் இந்தச் சிகிச்சைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

புராஸ்டேட்டில் ஏன் சறுக்குகிறது?

ஒருவகைத் தோல் புற்றுநோயிலும், நுரையீரல் புற்றுநோயிலும் இந்த மருந்துகள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. புராஸ்டேட் கட்டியோ `குளிர்ந்த கட்டி'. அதற்குள் டி-செல்கள் அதிகம் நுழைவதில்லை. மரபணுப் பிழைகளும் குறைவு என்பதால், `இது அந்நியன்' என்று டி-செல்லுக்கு அடையாளம் தெரிவதில்லை. போலீஸே இல்லாத தெருவில் பிரேக்கை எடுத்து என்ன பயன்?

பெம்ப்ரோலிசுமாபை டோசிடாக்செலுடனும் என்சாலுடமைடுடனும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மூன்று பெரிய சர்வதேச ஆய்வுகளிலும் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. `எல்லாருக்கும் குடுத்துப் பார்ப்போம்' என்ற வழி இங்கே எடுபடாது என்பது அதில் தெளிவானது.

கைகொடுக்கும் அந்த 3 சதவிகிதம்

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில் 100-ல் சுமார் 3 பேருக்கு, செல்லின் மரபணுப் பிழைகளைத் திருத்தும் வேலை பழுதாகியிருக்கும். பிழைகள் குவிந்துகிடப்பதால் டி-செல்களுக்கு எதிரி பளிச்சென்று தெரியும். இந்தப் பழுது இருந்தால், எந்த உறுப்பின் கட்டியாக இருந்தாலும், மற்ற சிகிச்சைகள் பலிக்காதபோது பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என்று 2017-லேயே அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதி அளித்துவிட்டது. இப்படிப்பட்ட புராஸ்டேட் நோயாளிகளில், சிறிய ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் நன்றாகக் குறைந்திருக்கிறது.

எம்.எம்.ஆர், எம்.எஸ்.ஐ என்பவை இதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள். பெரும்பாலும், ஏற்கெனவே எடுத்த பயாப்ஸி திசுவிலேயே செய்துவிடலாம். கூடவே பி.ஆர்.சி.ஏ மரபணுவையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் கோளாறு இருந்தால் ஓலாபரிப் என்ற மாத்திரை உதவும். பரம்பரைக் கோளாறு என்று தெரிந்தால், மகன் மட்டுமல்ல, மகளும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கான பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

சொந்த செல்லிலிருந்து ஒரு தடுப்பூசி

புராஸ்டேட் புற்றுநோய்க்கென்றே வந்த இம்யூனோதெரபி, சிபுலியூசெல்-டி. நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பு செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் எதிரியை அடையாளம் காட்டிப் பழக்கி, திரும்ப உடலில் ஏற்றுவார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. 2010-ல் அமெரிக்கா அனுமதித்தது. 512 பேரிடம் நடந்த ஆய்வில் சராசரி ஆயுள் சுமார் 4 மாதங்கள் கூடியது. அப்போதைய விலை 93,000 டாலர்! அறிகுறிகள் இல்லாத, அல்லது லேசாக மட்டும் இருக்கும் கட்டத்தில்தான் அது பொருந்தும்.

`டென்ட்ரிடிக் செல் தெரபி' என்று யாராவது உங்களிடம் சொன்னால், `எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள்.

வரிசையில் நிற்பவை

இப்போது அதிக நம்பிக்கை தருபவை, `இருகை' ஆன்டிபாடிகள். ஒரு கையால் புற்றுநோய் செல்லையும் மறு கையால் டி-செல்லையும் பிடித்து, இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தும். போலீஸ் வராத தெருவுக்குப் போலீஸைக் கையைப் பிடித்து இழுத்துவருவது மாதிரி. சாலுரிட்டாமிக் என்ற மருந்தின் முதற்கட்ட ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பி.எஸ்.ஏ அளவு 50 சதவிகிதத்துக்கு மேல் இறங்கியது. ஆனால், காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு போன்றவற்றைக் கொண்டுவரும் `சைட்டோகைன் புயல்' பலருக்கும் வந்தது. பெரிய ஆய்வு 2024-ல் தொடங்கியது.

கார்-டி செல் சிகிச்சையில் இந்தியாவுக்குச் சொந்தப் பெருமை உண்டு. மும்பை ஐ.ஐ.டி-யும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023-ல் அனுமதி பெற்றது. ஆனால், அது சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும்தான். புராஸ்டேட்டுக்கான கார்-டி இன்னும் ஆய்வுக்கட்டத்தில்தான் இருக்கிறது.

`லுட்டீஷியம் பி.எஸ்.எம்.ஏ' ஊசியையும் பலர் இம்யூனோதெரபி என்றே நினைக்கிறார்கள். அது கட்டிக்கு நேராகக் கதிர்வீச்சைக் கொண்டுசேர்க்கும் வேறு சிகிச்சை, இந்தியாவிலேயே கிடைக்கிறது.

செங்கல்பட்டு சொன்ன பாடம்

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு என்பதை உலகத்துக்குக் காட்டிய மண் இது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2.6 லட்சம் பேரிடம் பி.சி.ஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. 15 வருடக் கண்காணிப்பின் முடிவு: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. அதே பி.சி.ஜி, சிறுநீர்ப்பையின் உள்தோலில் வரும் ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கியமான இம்யூனோதெரபி! சிறுநீர்ப்பைக்குக் கீழேயே இருக்கும் புராஸ்டேட்டுக்கோ அது சிகிச்சை இல்லை. எது எங்கே வேலை செய்யும் என்பதை ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* எம்.எம்.ஆர் / எம்.எஸ்.ஐ, பி.ஆர்.சி.ஏ பரிசோதனைகள் செய்தாயிற்றா? ரிப்போர்ட் எங்கே?

* இந்த மருந்து அப்பாவுக்குப் பலன் தரும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எத்தனை மாதம் பார்த்துவிட்டு நிறுத்துவோம்?

* மூட்டுவாதம், தைராய்டு, குடல் அழற்சி ஏற்கெனவே இருக்கிறதே, பரவாயில்லையா? (பிரேக் எடுக்கப்பட்ட டி-செல்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கலாம். மூச்சுத்திணறல், தொடர்ந்த வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.)

* நாங்கள் சேரக்கூடிய ஆய்வு ஏதாவது நடக்கிறதா? (இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். ஆய்வு என்று சொல்லிவிட்டு லட்சங்களைக் கட்டச் சொன்னால், பதிவு எண்ணைக் கேளுங்கள்.)

இரண்டாவது கருத்து கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேளம்பாக்கத்திலேயே செட்டிநாடு மருத்துவமனை இருக்கிறது. ஓ.எம்.ஆரில் நேராகப் போனால், 1954-ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்தெந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். லேபில் வைத்திருக்கும் திசு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா அந்த 3 சதவிகிதத்தில் ஒருவரா என்ற பதில், அந்தச் சின்ன மெழுகுக் கட்டிக்குள்தான் இருக்கிறது.