பழைய டூரிங் ஃபிரேமும் பர்மிங்ஹாம் மரையும்

பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாயில் செய்த டூரிங் ஃபிரேம்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சக்கரம், பிரேக், ஹேண்டில்பார் எதுவும் இல்லாமல் வெறும் ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டுமே விலைபோகின்றன. பழம்பொருள் மோகம்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது விலையில் ஒரு பங்கைத்தான் விளக்கும். பெரும்பங்கை விளக்குவது, கிராங்க் அச்சு உட்காரும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) குழலுக்குள் வெட்டிய மரை. இங்கிலாந்தில் அதன் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. அந்த அளவு அங்கே பரவலாக வேரூன்றியதால்தான் லண்டனின் கிளாட் பட்லர், லீட்ஸின் பாப் ஜாக்சன் போன்ற பட்டறைகள் ஃபிரேமை மட்டும் தனியாக விற்க முடிந்தது. வாங்கியவர் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகங்களைப் புது ஃபிரேமில் மாட்டிக்கொண்டார். அந்த அளவு இன்னும் வழக்கொழியவில்லை. இன்று கடையில் கிடைக்கும் புது பி.பி. 1950களின் இங்கிலாந்து ஃபிரேமிலும் ஏறும்.

பிரான்சை எடுத்துக்கொண்டால் இது இன்னும் துலங்கும். சைக்கிளில் நெடுந்தூரம் ஊர்சுற்றும் கலையை வளர்த்ததில் அந்த நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. செயின்ட் எட்டியனில் 1887 முதல் சைக்கிள் இதழ் நடத்திய பால் தெ விவி, மலையேற்றத்துக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். டூர் தெ பிரான்ஸ் போட்டியோ கியர் மாற்றும் டீரெய்லரை 1937இல்தான் அனுமதித்தது. 1936இல் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை கிடைத்ததும், சாதாரண மக்களும் சைக்கிளில் வெளியூர் கிளம்பினார்கள். இவ்வளவு மரபு இருந்தும், பிரெஞ்சு ஆலைகளின் சாதாரண டூரிங் ஃபிரேமைத் தனியாக விற்பது கடினம். அதன் மரை 35 மி.மீ., சுற்றுக்கு 1 மி.மீ.; போதாக்குறைக்கு இரு பக்கமும் வலமரை. இங்கிலாந்து ஃபிரேமில் செயின் பக்கம் இடமரை. விட்டத்தில் வித்தியாசம் 0.2 மி.மீ.தான், ஆனால் ஒன்றின் பி.பி. கப் மற்றதில் உட்காராது. குழலைக் குடைந்து 36 மி.மீ. இத்தாலிய மரை வெட்டுவது ஒரு வழி. அந்த வேலைக்கு ஆகும் கூலியை, வாங்குபவர் விலையில் கழித்துவிடுவார்.

அப்படியானால் பிரெஞ்சு சைக்கிள் கைவினைஞர் ரெனே எர்ஸின் சைக்கிள்கள் எப்படிப் பெருந்தொகைக்குப் போகின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லெவல்லுவா-பெரே பட்டறையில் எர்ஸ் கிராங்க், பிரேக், கேரியர், மட்கார்டு எல்லாவற்றையும் ஒரே வண்டிக்கென்றே அமைத்தார். மதிப்பு அந்த முழு வண்டிக்கு; பாகங்களைக் கழற்றிவிட்டால் அது பாதி வேலைதான். தனி ஃபிரேம் என்ற சரக்கு வேறு வகை. யாருடைய பாகத்தையும் ஏற்றுக்கொள்வதே அதன் குணம்.

மரைக்கு அடுத்தபடி இணைப்பு. 531 குழாயின் சுவர் நடுவில் மெலிந்து, முனையில் தடித்திருக்கும்; ரெனால்ட்ஸ் இதற்கு 1897இலேயே காப்புரிமை பெற்றிருந்தது. இந்த எஃகு வெல்டிங்கின் கடும் சூட்டைத் தாங்காது. அதனால் குழாய்களை லக் என்ற இணைப்பு உறைகளில் செருகி, பித்தளையோ வெள்ளிக் கலவையோ உருக்கி ஒட்டினார்கள். அப்படி ஒட்டியதை மறுபடி சூடாக்கிப் பிரிக்கலாம். நசுங்கிய குழாயை உருவிவிட்டு வேறு போடலாம். பின்சக்கர இடைவெளி காலத்துக்குக் காலம் 120, 126, 130 மி.மீ. என்று அகன்றபோதும், எஃகு ஃபிரேமின் பின்காலைச் சூடாக்காமலே வளைத்து விரிக்க முடிந்தது. அலுமினியத்தில் அதைச் செய்தால் விரிசல் விடும்.

துருப்பிடிக்கும், கனம் அதிகம், புதுசே வாங்கலாமே என்பது இன்னொரு வாதம். துரு உண்மையான ஆபத்து. சீட் பில்லர் அலுமினியமாக இருந்து, பல ஆண்டு கழற்றாமல் விட்டிருந்தால் எஃகுக் குழாயோடு அரித்துப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் ஃபிரேமே வீணாகும். எனவே விற்பவர் பில்லரை உருவிக் காட்டுவதுதான் முறை. அதன் விட்டமும் ஒரு சாட்சி. நல்ல 531 ஃபிரேமில் பெரும்பாலும் 27.2 மி.மீ. இருக்கும், அதைவிடக் குறைந்தால் குழாய்ச் சுவர் தடித்தது என்று பொருள்; ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் கூடுதலாகக் கேள்வி கேட்க வேண்டும். கனத்தைப் பொறுத்தவரை, பின்னால் இரு பைகளில் பதினைந்து கிலோ தொங்கும் வண்டியில் ஃபிரேம் அரைக் கிலோ கூடுவது பெரிய குறையல்ல. புதுசு வாங்குவதும் வெகுகாலம் எளிதாக இருக்கவில்லை. 1976இல் ஆரகனிலிருந்து வர்ஜீனியா வரை ஆயிரக்கணக்கானோர் மிதித்துப் போன பைக்சென்டெனியல் பயணம் அமெரிக்காவில் டூரிங் சைக்கிளுக்குச் சந்தையைப் பெருக்கியது. பத்தாண்டுக்குள் மலைச் சைக்கிள் வந்து அதைக் கவிழ்த்தது. கம்பெனிகள் டூரிங் மாடல்களைக் குறைத்துவிட்டதால், கேரியரையும் மட்கார்டையும் மாட்ட ஃபிரேமிலேயே துளை வைத்த வண்டி வேண்டியவர்கள், 1980களில் வந்தவற்றையே தேடி வாங்கினார்கள். அவர்கள் முதலில் கேட்டது, இன்றும் கேட்பது, பி.பி. மரை எந்த நாட்டுடையது என்று.