அளப்பவர் கையும் அளக்கப்பட்டவர் தலையும்

எட்கர் தர்ஸ்டன் 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தார். மண்டையை, மூக்கை அளக்கும் கருவிகளையும் உயரம் பார்க்கும் கம்பத்தையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த நூலில் அந்த அளவுகளும் இருக்கின்றன. முன்னுரையில் அவரே வேடிக்கையாகச் சொல்கிற சேதி இது: வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைக்கப்போகிறார் என்று பயம். இன்னொருவர் உயரக் கம்பத்தைத் தூக்குமரம் என்றே நினைத்து அளக்கவிட மறுத்துவிட்டார். துரைக்குச் சிரிப்பு. ஆனால் அதே துரைதான் போலீஸ்காரர்களுக்கும் இந்த வித்தையைப் பாடம் நடத்தியவர். 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஓடினவங்களுக்குத்தான் விஷயம் புரிந்திருக்கிறது.

வில்லியனூரும் பாகூரும் அப்போது பிரெஞ்சுக்காரன் சீமை. வெள்ளைக்காரன் சட்டம் எல்லையில் நின்றது. சேரி எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

மூக்கு அகல அகலச் சாதி கீழே போகும் என்றார் ரிஸ்லி. அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதார் பற்றிய நூலில் அதே மூக்களவுகளை எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம்தான் என்று திருப்பிப் போட்டார்.

மூக்கு போய் மூளை வந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 2006இல் வெளியிட்டார்கள். மேல்சாதியில் 321 பேர், தாழ்த்தப்பட்டோரில் 321 பேர். புதிர்வழி போடவேண்டும், போட்டால் காசு. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஒன்றுபோலவே போட்டார்கள். அப்பன் பேர், தாத்தன் பேர், சாதி என்று எல்லார் முன்னாலும் அறிவித்தபோது நம் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 'தகுதி, திறமை' என்று கூவுகிறவர் வாயை அடைக்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது. நானும் மேடையில் சொல்வேன். ஆனாலும் அந்த அறையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது சான்று இல்லை. பள்ளிக்கூடம் தினமும் செய்வதை ஆராய்ச்சியும் ஒரு தரம் செய்தது.

அப்போ ஆராய்ச்சியே வேண்டாமா? அப்படியில்லை. ஜோன் சீபரும் பார்பரா ஸ்டான்லியும் 1988இல் எழுதியது ஞாயம்தான்: இப்படிப்பட்ட ஆய்வின் காயம் கலந்துகொண்டவரோடு நிற்காது, அவர் கூட்டம் முழுவதன் மேலும் விழும், அதற்காக விலகி ஓடுவதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையோ பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவையும் கேட்கச் சொல்கிறது. தாளில் நல்லாத்தான் இருக்கு. வாத்தியார் நீட்டுகிற தாளில், அவர் முகத்துக்கு நேரே, 'மாட்டேன்' என்று சொல்ல எந்தக் கூலிக்காரத் தாய்க்கு வாய் வரும்?

பாகூரில் வேதம் படிக்க ஒரு கல்லூரி இருந்தது. நிருபதுங்க பல்லவன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. அந்த ஊர்களின் வயலில் உழைத்தவர்களைக் கேட்டா கொடுத்தார்கள்? இன்றைக்கும் படிவத்தோடு காலனிக்குள் வருகிறவர்களிடம் முதலில் கேட்கவேண்டியது: "எழுதிக்கினு போறீங்களே, அச்சானதும் வந்து எங்க பாஷையில படிச்சிக் காட்டுவீங்களா? தப்பா இருந்தா அடிக்க வுடுவீங்களா?"