ஒரு சிட்டிகை உப்பு

வயிற்றுப்போக்குக்கு என்ன கைவைத்தியம் என்று எங்கள் தொண்டியில் கேட்டால் தெருவுக்கு நாலு பேர் சொல்வார்கள். வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடி. மாதுளை ஓட்டைக் காயவைத்து இடித்துக் கொடு. கொய்யாக் கொழுந்தை மென்று தின்னு. வெறும் தேயிலைத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடி. இவை எல்லாவற்றையும் தின்று வளர்ந்தவன்தான் நானும். ஆனாலும் உலகத்தில் அதிக உயிரைக் காப்பாற்றிய பேதி மருந்து இவற்றில் ஒன்றுமில்லை. அது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். மூன்றும் அன்றைக்கும் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருந்தன. அதை நாம் தெரிந்துகொள்ள ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பதைத்தான் இன்று எழுதுகிறேன்.

1962-ஆம் வருடம். எனக்கு எட்டு வயது, என் தம்பிக்கு ஒன்றரை. ஒருநாள் காலையில் அவனுக்கு வயிறு போக ஆரம்பித்தது, மத்தியானம் வாந்தியும் சேர்ந்துகொண்டது. வீட்டில் வைத்தியம் என்றால் அப்பத்தாதான். ஓமத்தண்ணியைச் சங்கில் புகட்டினார். "வயித்தைக் காயப் போடணும். தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு உம்மா ஒரு கிண்ணத்தில் உப்புப் போட்ட நொய்க்கஞ்சி கொண்டுவந்தார்கள். "ஒரு வாயாவது குடுங்க" என்றார்கள். அப்பத்தா வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தம்பி தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. ராமநாதபுரம் கொண்டுபோக அப்பா வண்டி பேசி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பத்தாவை நான் குறை சொல்லவில்லை. அந்த நம்பிக்கை அவருடையது மட்டும் இல்லை என்பது பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது.

1817-இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா, வியாபாரக் கப்பலோடும் யாத்திரைக்காரர்களோடும் ஊர் ஊராகப் போனது. நம் கரைக்கும் அது புதிதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனங்களை மண்டபத்தில் நிறுத்திவைத்து, நோயில்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். 'மண்டபம் கேம்ப்' என்று இன்றும் ரயில் நிலையத்துக்குப் பேர் இருப்பது அதனால்தான்.

அந்தக் காலத்துச் சீமை டாக்டர்கள் காலராவுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? உடம்பில் நீரே வற்றிப்போனவனுக்கு ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். மேலும் பேதியாக ரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். 1832-இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர் உப்புத் தண்ணீரை நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்தார். சாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனாலும் மற்ற டாக்டர்கள் அதைத் தொடரவில்லை. குளுக்கோஸ் பாட்டில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்து வெகுகாலம் ஆன பிறகும் 'குடலுக்கு ஓய்வு கொடு, வாய்வழியே ஒன்றும் தராதே' என்று சொன்ன டாக்டர்கள் இருந்தார்கள். படித்தவர்களே அப்படி என்றால் என் அப்பத்தா என்ன செய்வார், பாவம்.

வாய்வழியே கொடுக்கலாம் என்பதைக் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற டாக்டர் 1953-இலேயே எழுதினார். என் தம்பி பிறப்பதற்கு முன்பு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதன் சூட்சுமத்தைச் சொன்னார். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது. உப்பு போனால் தண்ணீரும் பின்னாலேயே போகிறது. பேதி எவ்வளவு போனாலும் இந்த வழி மட்டும் அடைபடுவதில்லை. வெறும் தண்ணீரை விட உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீர் உடம்பில் நிற்பது இதனால்தான்.

அதை உலகம் நம்பியது 1971-இல். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். எல்லையோரம் போங்காவ் ஊரில் காலரா பரவியது. குளுக்கோஸ் பாட்டில் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அங்கே வேலை பார்த்த டாக்டர் திலீப் மகலநபிஸ், குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் பொட்டலம் கட்டிவைத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நர்சுகள் போதாததால் தாய்மாரும் உறவுக்காரர்களுமே டம்ளரில் புகட்டினார்கள். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் செத்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்த மனிதர் 2022-இல் காலமானார். மறுவருடம் பத்மவிபூஷண் கொடுத்தார்கள்.

1980-களின் நடுவில் எங்கள் தெருவுக்குக் கிராம சுகாதார நர்சம்மா அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அப்பத்தாவுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல், கண் மங்கிவிட்டது. பொட்டலத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். "உப்பும் சர்க்கரையுந்தான் பாட்டி. வயிறு போகப் போகக் குடுத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் அந்த அம்மா. அப்பத்தா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "உப்புந்தானா?" என்றார். அவ்வளவுதான். தம்பி பேரை அவர் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

அன்றைக்கு உம்மா கொண்டுவந்த கஞ்சியில் இருந்ததும் அதேதான். அரிசி மாவுச்சத்து வயிற்றில் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாக மாறுகிறது. சர்க்கரைக்குப் பதில் அரிசி சேர்த்த கரைசலை வங்கதேசத்தில் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பேதி குறைவதைக் கண்டார்கள். நோன்புக் கஞ்சியும் நீராகாரமும் குடித்து வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்குக் கஞ்சியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. உப்பில்லாத கஞ்சி மட்டும் போதாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் வயசுக்காரர்களுக்காக நாலு வார்த்தை. கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக்கூடாது, சர்க்கரை கூடினால் பேதி கூடும், உப்பு கூடினால் ஆபத்து. கரண்டி கரண்டியாக நிதானமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கலர் சோடா வேண்டாம். குழந்தை துவண்டு போனாலும், கண் குழிவிழுந்தாலும், மூத்திரம் போகாவிட்டாலும், ரத்தம் கலந்து போனாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போகிற வழியிலும் புகட்டிக்கொண்டே போங்கள்.

வெந்தயமும் மாதுளை ஓடும் இருக்கட்டும், அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் தண்ணீர் கேட்கிற பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்று மட்டும் இனி எந்த வீட்டிலும் சொல்லக்கூடாது.