ஸ்பென்சர்: கட்டடம் எரிந்தது, பெயர் நின்றது

அண்ணா சாலையில் பேருந்து நடத்துநர் “ஸ்பென்சர் இறங்குங்க” என்று குரல் கொடுப்பதை நாம் கேட்டிருப்போம். தரமணி, அடையாறு பக்கமிருந்து ஒரு வேலையாக அங்கே போகிறவர்களும், மக்கா மஸ்ஜிதுக்கு ஜும்ஆ தொழப் போகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். ஆனால் ஸ்பென்சர் என்பவர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. ஒரு கடைக்காரரின் பெயர் 160 ஆண்டுகளைத் தாண்டியும் ஓர் ஊரின் அடையாளமாக நிற்கிறது. வியாபாரத்தையே வாழ்வாதாரமாகக் கொண்ட குடும்பங்கள் நம் சமுதாயத்தில் நிறைய உண்டு. எனவே இந்தக் கடையின் கதை நமக்கும் பயன்படும்.

இரண்டு பேர் தொடங்கிய கடை

1863ஆம் ஆண்டு வாக்கில் சார்லஸ் டுரன்ட், ஜே. டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இரு ஆங்கிலேயர்கள் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், ஒரு கடையைத் தொடங்கினார்கள். அப்போது சூயஸ் கால்வாய் திறக்கப்படவில்லை. அது திறக்கப்பட்டது 1869இல்தான். இன்று நாம் காணும் சென்னைத் துறைமுகமும் அன்று இல்லை. இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. அத்தனை தொலைவிலிருந்து வரும் பொருளைக் கெடாமல், கலப்படமில்லாமல் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையே அந்தக் கடையின் முதல் மூலதனம்.

பின்னர் கடை யூஜின் ஓக்‌ஷாட் என்பவரின் கைக்கு வந்தது. முதலாளி மாறியதும் பலகையில் பெயரும் மாறுவது உலக வழக்கம். ஓக்‌ஷாட் அப்படிச் செய்யவில்லை. மக்கள் நம்பியது ஸ்பென்சர் என்ற பெயரை என்பதை அவர் அறிந்திருந்தார். கடையை மிகப் பெரிதாக வளர்த்தவர் அவர்தான். ஆனாலும் பலகையில் ஸ்பென்சரின் பெயரையே விட்டுவைத்தார்.

ஒரே கூரையின் கீழ்

துணி, மளிகை, மருந்து, பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தனித்தனிப் பிரிவுகளாக வைத்து விற்பதே டிபார்ட்மென்ட் ஸ்டோர். பாரிஸ் நகரில் 1852இல் அரிஸ்டிட் பூசிகோ பொறுப்பேற்ற ‘பான் மார்ஷே’ கடையை இதற்கு முன்மாதிரியாகச் சொல்வார்கள். பேரம் இல்லாத ஒரே விலை, பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வசதி ஆகியவை அங்கே பெயர் பெற்ற நடைமுறைகள்.

இந்தியாவில் அந்த வரிசையில் முதலாவது என்று குறிப்பிடப்படுவது ஸ்பென்சர். 1890களில் எழுந்த அதன் பெரிய கட்டடத்தில் 80க்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. வடிவமைத்தவர் டபிள்யூ. என். போக்சன். செங்கல் நிறம், வளைவுகள், கோபுரங்கள் கொண்ட அந்தக் கட்டடக் கலைக்கு ‘இந்தோ-சாரசெனிக்’ என்று பெயர். ‘சாரசென்’ என்பது அரபுகளையும் முஸ்லிம்களையும் ஐரோப்பியர் குறிப்பிட்ட பழைய சொல். முகலாயக் கட்டடங்களின் கூறுகளை ஆங்கிலேயர் எடுத்தாண்டதால் இந்தப் பெயர் வந்தது. ஆற்காடு நவாபுக்காக 1768இல் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையே இந்தப் பாணிக்குத் தொடக்கம் என்பது பலரின் கருத்து.

கடை மவுண்ட் ரோட்டோடு நிற்கவில்லை. பக்கத்திலிருந்த கன்னிமாரா ஹோட்டல், பெங்களூரின் வெஸ்ட் எண்ட், ஊட்டியின் சவாய் ஆகியவை ஸ்பென்சர் வசம் இருந்தன. ரயில்களிலும் ரயில் நிலையங்களிலும் உணவு வழங்கியது. சோடா தயாரித்தது. திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. திருவனந்தபுரத்தில் ‘ஸ்பென்சர் ஜங்ஷன்’ என்றே ஓர் இடம் உண்டு. அந்தக் கடையில் மதுவும் விற்கப்பட்டது. அதெல்லாம் நமக்கு ஏற்புடைய வியாபாரம் அல்ல. நாம் இங்கே கவனிப்பது சரக்கை அல்ல, நிர்வாகத்தை.

யாருக்கான கடை?

ஒன்றை மறைக்கக் கூடாது. ஸ்பென்சர் முதலில் வெள்ளையருக்கும் ஜமீன்தார்களுக்கும் வசதி படைத்தவர்களுக்குமான கடை. சாதாரண மக்கள் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். பழைய புத்தகம் முதல் கூண்டுக் கிளி வரை அங்கே பேரம் பேசி வாங்கலாம்.

1980களில் இரண்டுமே தீக்கிரையாயின. பத்தாண்டுக்குள் ஸ்பென்சரின் பெரிய கட்டடமும், 1985 மே மாதம் மூர் மார்க்கெட்டும் எரிந்துபோயின. அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் யோசிக்க வேண்டியது. ஸ்பென்சர் இருந்த இடத்தில் அதே பெயரில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. 1991இல் தொடங்கிப் பல கட்டங்களாக அது விரிந்தது. மூர் மார்க்கெட்டின் சிறு வியாபாரிகளோ அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். பழைய கூட்டம் அவர்களைத் தேடி வரவில்லை. சொந்த இடமும் ஊரறிந்த பெயரும் உள்ளவர் தீயிலிருந்து எழுந்துவிடுகிறார். அடுத்தவர் இடத்தில், தனக்கென்று ஒரு பெயர் இல்லாமல் கடை போட்டவர் நாற்பது வருட உழைப்பை ஒரே நாளில் இழக்கிறார். பஜார்களில் சிறு கடை நடத்தும் நம் சகோதரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பெயர் மட்டும் போதுமா?

1989இல் ஸ்பென்சர் நிறுவனம் ஆர்.பி.ஜி. குழுமத்திடம் சென்றது. 1996இல் அந்தக் குழுமம் சென்னையில் தொடங்கிய ‘ஃபுட்வேர்ல்ட்’ சூப்பர் மார்க்கெட்டுகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். பிற்பாடு அக்குழுமத்தின் கடைகளுக்கு ஸ்பென்சர் என்ற பழைய பெயரே சூட்டப்பட்டது. 1990களில் ஸ்பென்சர் பிளாசா சென்னையின் பெரிய வேடிக்கை. குளிரூட்டப்பட்ட கூடம், நகரும் படிக்கட்டு, காஷ்மீர் கைவினைப் பொருள் கடைகள் என்று பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போன பெற்றோர் பலர். 2010இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூவும், 2013இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸும் வந்தபின் அந்தக் கூட்டம் கலைந்தது. தரமணிப் பிள்ளைகளுக்கு ஃபீனிக்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது அதையும் தாண்டி, கைப்பேசியில் ஆர்டர் போட்டால் பொருள் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

ஆக, பெயர் மட்டும் கடையைக் காப்பாற்றாது. 1883 டிசம்பரில் லண்டன் ஹாரட்ஸ் கடை எரிந்து சாம்பலானது. ஆனாலும் அந்தக் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு வந்திருந்த ஆர்டர்களை உரிமையாளர் கொடுத்து முடித்தார். கடை மீண்டும் எழுந்தது. பெயர் என்பது வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு. வாக்கு காப்பாற்றப்படும் வரைதான் பெயருக்கு மதிப்பு.

நம் கடைத்தெருக்களைப் பாருங்கள். வாப்பா உழைத்து உருவாக்கிய பெயரைப் பிள்ளைகள் பங்கு போட்டு, ஒரே தெருவில் மூன்று பலகை வைக்கிறார்கள். ஒன்றில் ‘ஒரிஜினல்’, இன்னொன்றில் ‘பழைய’, மூன்றாவதில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’. வாடிக்கையாளர் குழம்பி நான்காவது கடைக்குப் போய்விடுகிறார். விலைக்கு வாங்கிய கடையில்கூடத் தன் பெயரைப் போடாத ஓக்‌ஷாட்டை இவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

பலகையில் உள்ள பெயர் நமக்கு முன் உழைத்தவர்கள் விட்டுச்சென்ற அமானிதம். கணக்கை எழுதி வைப்பது, பங்கை உயிரோடு இருக்கும்போதே தெளிவாகப் பேசி முடிப்பது, திறமையான பணியாளரைப் பிள்ளைக்குச் சமமாக மதிப்பது, வாடகை இடத்தின் பத்திரத்தைச் சரியாக வைத்திருப்பது ஆகியவை இந்த அமானிதத்தைக் காக்கும் வழிகள். இன்று இரவு கடை அடைத்து வீட்டுக்கு வந்ததும் இவற்றில் எது நம்மிடம் இல்லை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவோம்.