ஒரு தழும்பு, ஒரு விதி, நூறு வருடம்

வெளியூரில் குடியிருக்கும் நம் வீடுகளில் ரெண்டாவது குழந்தை என்று பேச்சு எழுந்தாலே கூடவே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "முதல் குழந்தை ஆபரேஷன்தானே, இதுவாவது சுகப்பிரசவம் ஆகுமா?" ஊரிலிருந்து அம்மா ஃபோனில் ஒன்று சொல்வார். மாமியார் வேறு சொல்வார். இங்கே பார்க்கிற டாக்டர் மூன்றாவதாக ஒன்று சொல்வார்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டுகிற ஆள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. அது முழுக்க ரிஸ்க்கைக் கணக்குப் போட்ட கதை என்பதால் எழுதத் துணிகிறேன். பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த கதை. ஆனால் நம்மூர் டாக்டர்கள் சொல்வதிலும் அதன் எதிரொலி உண்டு.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். சிசேரியன் செய்த பிறகு கர்ப்பப்பையைத் தைக்காமலே விட்டுவிடுவதுதான் ஒரு காலத்தில் வழக்கம். ரத்தப்போக்கிலும் கிருமித் தொற்றிலும் தாய்மார்கள் இறந்தார்கள். 1882-ல் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் சேங்கர் என்ற டாக்டர், கர்ப்பப்பையை ஒழுங்காகத் தைத்து மூடும் முறையை எழுதி வைத்தார். அதன்பின் தாய்மார்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். பிழைத்தவர்கள் மறுபடி கர்ப்பமானார்கள். அங்கேதான் புதுப் பிரச்சினை: வலி எடுக்கும்போது பழைய தழும்பு தாங்குமா?

அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பாகத்தில் நெடுக்காக வெட்டுவார்கள். வலியின்போது சுருங்கி விரிந்து வேலை செய்வதே அந்த மேல்பாகம்தான். அங்கே தழும்பு இருந்தால் பிரியும் அபாயம் அதிகம். சில சமயம் வலி வரும் முன்பே பிரிந்துவிடும்.

1916-ல் நியூயார்க் டாக்டர் எட்வின் க்ரேகின், ஒருமுறை சிசேரியன் ஆனவளுக்கு எப்போதும் சிசேரியன்தான் என்று எழுதினார். இன்றுவரை எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் அவர் எழுதிய கட்டுரை எதைப் பற்றி என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அவசரப்பட்டு முதல் சிசேரியனைச் செய்யாதீர்கள், செய்தால் பின்விளைவு இது என்று சக டாக்டர்களை எச்சரிப்பதற்காக எழுதியது அது! விதிக்கு விலக்குகள் உண்டு என்றும் அதிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். எச்சரிக்கை மறந்துபோய் விதி மட்டும் நிலைத்துவிட்டது.

1920-களில் கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்ரோ கெர், கர்ப்பப்பையின் கீழ்ப்பாகத்தில் குறுக்காக வெட்டும் முறையைப் பரப்பினார். வலியின்போது கீழ்ப்பாகம் சுருங்குவதில்லை, விரிந்து கொடுக்கத்தான் செய்கிறது. அதனால் அங்கே உள்ள தழும்பு பலமாக நிற்கும். இன்று பெரும்பாலும் நடப்பது இந்த முறைதான். வெட்டு மாறிவிட்டது, ஆனால் பழைய வெட்டுக்குச் சொன்ன விதி அமெரிக்காவில் இன்னும் அரை நூற்றாண்டு ஓடியது.

1970-ல் அமெரிக்காவில் 100 பிரசவத்தில் 5 அல்லது 6 தான் சிசேரியன். 1980-ல் அது 16-ஐத் தாண்டியது. அரசின் தேசிய சுகாதார நிறுவனம் அந்த வருடம் நிபுணர் குழு கூட்டி, தகுந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் முயலலாம் என்றது. முன்பு சிசேரியன் ஆனவர்களில் 1980-ல் 100-க்கு 3 பேர் சுகமாகப் பெற்றார்கள். 1996-ல் அது 28 ஆனது.

இங்கேதான் கதை திரும்புகிறது. செலவு குறைகிறது என்று கண்ட சில இன்சூரன்ஸ் அமைப்புகள், எல்லோரும் முதலில் சுகப்பிரசவம் முயன்றே ஆகவேண்டும் என்று வற்புறுத்த ஆரம்பித்தன. வலி வரவழைக்க மருந்து வைப்பதும் நடந்தது. கர்ப்பப்பை பிரிந்த கேஸ்களும், அதையொட்டி வழக்குகளும் வந்தன. 1999-ல் அமெரிக்க மகப்பேறு டாக்டர்களின் சங்கம், இப்படி முயலும்போது ஆபரேஷன் செய்ய டாக்டர் 'உடனடியாக' கிடைக்க வேண்டும் என்று வார்த்தையை இறுக்கியது. மயக்க மருந்து டாக்டரை ராப்பகலாக வைத்திருக்க முடியாத சின்ன ஆஸ்பத்திரிகள் பல, இந்த வேலையே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டன.

2001-ல் வாஷிங்டன் மாநிலத்தில் 20,095 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. கர்ப்பப்பை பிரிந்தது ஆயிரத்துக்கு எத்தனை பேருக்கு?

வலி இல்லாமல் மறுபடி சிசேரியன்: 1.6
தானாக வலி வந்தவர்கள்: 5.2
மருந்தால் வலி வரவழைத்தவர்கள் (ப்ராஸ்டாகிளாண்டின் இல்லாமல்): 7.7
ப்ராஸ்டாகிளாண்டின் மருந்து வைத்தவர்கள்: 24.5

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. 'பதினைந்து மடங்கு' என்று மட்டும் கேட்டால் பயந்துவிடுவோம். 'ஆயிரத்தில் 5' என்று மட்டும் கேட்டால் அலட்சியமாகிவிடுவோம். ரெண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் வரியில் பூஜ்யம் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

2004-ல் இன்னும் பெரிய ஆய்வு. சுகப்பிரசவம் முயன்ற 17,898 பேரில் 100-க்கு 73 பேருக்கு முயற்சி பலித்தது. 124 பேருக்குக் கர்ப்பப்பை பிரிந்தது, அதாவது ஆயிரத்துக்கு 7. நிறைமாதத்தில் பிறந்த 12 குழந்தைகளுக்கு ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிப்பு. திட்டமிட்டு சிசேரியன் செய்த பக்கத்தில் அந்தப் பாதிப்பு ஒருவருக்கும் இல்லை. சதவீதம் சின்னதுதான், ஆனால் அந்தப் 12 வீடுகளுக்கு அது நூறு சதவீதம்.

அப்படியானால் சிசேரியனே நல்லது என்று முடித்துவிடலாமா? அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். 2006-ல் 30,132 சிசேரியன்களைப் பார்த்த ஓர் ஆய்வில், நஞ்சு கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து முதல் சிசேரியனில் 0.24 சதவீதம், மூன்றாவதில் 0.57, நாலாவதில் 2.13. இதில் ரத்தம் கொட்டும், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். மூன்று குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும் ரெண்டோடு நிறுத்துபவர்களுக்கும் கணக்கு ஒன்றில்லை.

2010-ல் நிபுணர் குழு மறுபடி கூடியது. தாய் இறக்கும் ஆபத்து, முயற்சி செய்பவர்களில் லட்சத்துக்கு ஏறக்குறைய 4, மறு சிசேரியனில் 13. குழந்தைக்கு ஆபத்து முயற்சியில் கொஞ்சம் கூடுதல். ஆக, தாய்க்கும் சேய்க்கும் கணக்கு எதிரெதிராக நிற்கிறது. கீழ்ப்பாகத்தில் ஒரே குறுக்கு வெட்டு உள்ள பெரும்பாலோர் முயலலாம், முடிவு பெண்ணிடம் பேசி எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சங்கமும் அதே வருடம் சொன்னது.

இனி நம் கதை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் வழக்கம். முதல் குழந்தை கும்பகோணத்திலோ நாகர்கோவிலிலோ பிறக்கும். ரெண்டாவது, மூத்தவளின் ஸ்கூல் காரணமாக, இங்கேயே பிறக்கும். இங்குள்ள டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது உள்ளே வெட்டு எப்படிப் போட்டார்கள் என்பது. வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. வெளியே குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக இருக்கலாம். அது எழுதியிருப்பது ஆபரேஷன் குறிப்பில்தான். அந்தக் காகிதமோ ஊரில் பரண்மேல் ஏதோ ஒரு மஞ்சள் பையில்!

நகைச்சீட்டை லாக்கரில் வைக்கிறோம், வீட்டுப் பத்திரத்துக்கு மூன்று நகல் எடுக்கிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் அப்படியே வையுங்கள். இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள்.

பிறகு டாக்டரிடம் கேளுங்கள்: முதல் தடவை சிசேரியன் ஏன் ஆனது? உள்ளே எந்த வெட்டு? ரெண்டு பிரசவத்துக்கும் இடைவெளி போதுமா? வலி தானாக வராவிட்டால் என்ன செய்வீர்கள்? ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் டாக்டரும், மயக்க மருந்து டாக்டரும், ரத்தமும் இங்கேயே கிடைக்குமா? கடைசிக் கேள்விக்குப் பதில் தயக்கமாக வந்தால், அந்த இடத்தில் முயற்சி வேண்டாம்.

சுகப்பிரசவம் ஆனால் சாமர்த்தியம், சிசேரியன் ஆனால் குறை என்று பேசும் உறவினர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தாயும் பிள்ளையும் முழுசாக வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.