கமடோர்: பெயரை மட்டும் வாங்கினா போதுமா?

புது ஹார்டுவேர் இல்லாம பழைய பிராண்டுக்கு உயிர் வராதுன்னுதான் நானும் நினைச்சேன். கமடோர் கதை என்னை மாத்துச்சு.

1976-ல் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியை கமடோர் வாங்கியது. 1982-ல் வந்த கமடோர் 64-க்கு படம், ஒலி ரெண்டுக்குமான சிப்கள் அங்கேதான் உருவாயின. 1994-ல் கமடோர் திவால். பிறகு பெயர் கைமாறியது.

2011-ல் கமடோர் யுஎஸ்ஏ, அதே வடிவப் பெட்டிக்குள்ள சாதாரண இன்டெல் பிசியை வச்சு வித்தாங்க. நிலைக்கலை. 2025-ல் அறிவிச்ச கமடோர் 64 அல்டிமேட்ல இருக்கிறது எஃப்பிஜிஏ, அதாவது நாம எழுதுற சர்க்யூட்டா மாறிக்கிற சிப். பழைய சிப்களோட வேலையை அது அப்படியே செய்யுது; பழைய கார்ட்ரிட்ஜும் ஓடும்.

இதுல புதுக் கண்டுபிடிப்பு குறைவுதான். ஆனா அந்தப் பெயருக்குப் பின்னாடி இருந்த இன்ஜினியரிங்கை மதிச்சிருக்காங்க. எனக்கு அது போதும்.