செவ்வாய்க்குப் போய்வர எந்த எரிபொருள்?



ராக்கெட் என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தீபாவளி வாணம்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை. 1980 ஜூலை 18ஆம் நாள் இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் முதன்முதலாகச் செயற்கைக்கோளை ஏற்றியபோது, அந்த எஸ்.எல்.வி.-3 முழுவதும் திட எரிபொருளால்தான் இயங்கியது. வாண மருந்துக்கு அது தூரத்து உறவு.

இக்காலத் திட எரிபொருளில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு வியப்பாக இருக்கும். அலுமினியத் தூளையும் அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பையும் ரப்பரில் குழைத்து, உருளைக்குள் வார்த்து இறுகவிடுகிறார்கள். நாம் சீவியெடுத்த பால் அல்ல அது; தொழிற்சாலையில் செய்த செயற்கை ரப்பர். அந்த ரப்பரும் சேர்ந்தே எரிகிறது.

பலம் மிகுந்த எரிபொருள்தான். ஆனால் ஒருமுறை பற்றவைத்தால் தீரும்வரை எரியும். நிறுத்தி மறுபடி மூட்ட முடியாது. கிரகத்துக்குக் கிரகம் போகும் கலமோ வழியில் பலமுறை விசையை மூட்டி அணைக்கவேண்டும். ஆகவே திரவ எரிபொருள் தேவைப்படுகிறது. அமெரிக்கரான ராபர்ட் கோடார்ட் 1926இல் பெட்ரோலையும் திரவப் பிராணவாயுவையும் கொண்டு முதல் திரவ ராக்கெட்டைப் பறக்கவிட்டார். பறந்தது இரண்டரை விநாடிதான்.

இந்தியாவின் திரவ எஞ்சின்கள் சோதிக்கப்படும் இடம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. 1970களில் நாகர்கோவில்காரரான நம்பி நாராயணனும் அவர் குழுவினரும் பிரான்சு நாட்டில் வேலைசெய்து தொழில் கற்று வந்தனர். அதன் பலனாகப் பிறந்தது விகாஸ் எஞ்சின். அதில் ஊற்றும் இரண்டு திரவங்களும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம். குளிரூட்டி வைக்கவும் வேண்டாம். ஆனால் கொடிய நஞ்சு.

எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்த கலவையே அதிக வேலை செய்யும். அந்த எஞ்சினின் தொழில்நுட்பத்தைத் தருவதாக ஒப்புக்கொண்ட ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993இல் பின்வாங்கியது. இந்தியர் தாமே முயன்றனர். 2010இல் தோற்றனர், 2014 ஜனவரி 5ஆம் நாள் வென்றனர்.

அப்படியானால் மங்கள்யான் ஏன் ஹைட்ரஜனை ஏற்றிக்கொண்டு போகவில்லை? திருநெல்வேலி மாவட்டத்தவரான சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் 2013 நவம்பர் 5ஆம் நாள் புறப்பட்டது. திரவ ஹைட்ரஜன் உறைகுளிரையும் தாண்டி, பூஜ்யத்துக்குக் கீழே 253 பாகையில் இருக்கவேண்டியது. மாதக்கணக்கில் வைத்திருந்தால் கொதித்தே போய்விடும். அதனால் பழைய முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது: தொட்டால் பற்றும் இரண்டு திரவங்கள், 440 நியூட்டன் விசையுள்ள ஒரு சிறிய எஞ்சின். அதன் உந்துதல் பூமியில் ஓர் அரிசி மூட்டையைத் தூக்கத்தான் போதும்.

பூமியை விட்டு நீங்கியபின் அந்த எஞ்சின் ஏறத்தாழ 300 நாள் உறங்கிக் கிடந்தது. மறுபடி எழுமா? 2014 செப்டம்பர் 22ஆம் நாள் நான்கே விநாடி மூட்டிப் பார்த்தார்கள், எழுந்தது. 24ஆம் நாள் ஏறத்தாழ 24 நிமிடம் எரியவேண்டும். எரியும்போதே கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிட்டது. அங்கிருந்து செய்தி வரவும் 12 நிமிடமாகும். காத்திருந்தவர்களின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் அமர்ந்தது. எரிபொருளின் வேகத்தைவிட அதன் பொறுமைதான் அன்று கைகொடுத்தது என்பேன்.

மங்கள்யான் திரும்பி வரவில்லை. வரவேண்டிய கலமும் அல்ல. போய்த் திரும்பி, மீண்டும் போகிற கலத்துக்குக் கணக்கே வேறு. மண்ணெண்ணெயில் எரியும் ராக்கெட்டுகள் 2015 முதலே தரையிறங்குகின்றன, 2017 முதல் மறுபடியும் பறக்கின்றன. ஆனால் சிம்னி விளக்கின் கண்ணாடியைப்போல எஞ்சினிலும் கரி படிகிறது. மீத்தேன் அவ்வளவாகக் கரி விடாது. நம் ஜொகூரில் செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களில் குமிழ்விட்டு எழுகிறதே, அந்த வாயுவில் பெரும்பங்கு இதுதான். இதைக் குளிர்வித்துத் திரவமாக்குவது ஹைட்ரஜனைவிட எளிது. அமெரிக்காவின் ஸ்டார்ஷிப் இதைத்தான் எரிக்கிறது. 2024 செப்டம்பரில் இந்திய அரசு ஒப்புதல் அளித்த புதிய ராக்கெட்டுக்கும் மீத்தேன் எஞ்சினே திட்டம்.

இன்னொரு காரணமும் உண்டு. செவ்வாயின் காற்றில் நூற்றுக்கு 95 பங்கு கரியமில வாயு; நிலத்தடியில் பனிக்கட்டி இருக்கிறது. இரண்டையும் கொண்டு மீத்தேனையும் பிராணவாயுவையும் அங்கேயே தயாரிக்கலாம். திரும்பும் வழிக்கு இங்கிருந்து சுமக்கவேண்டியதில்லை. 2021 முதல் 2023 வரை, அமெரிக்க ஊர்தி ஒன்றில் இருந்த சிறு கருவி செவ்வாய்க் காற்றிலிருந்து மொத்தம் 122 கிராம் பிராணவாயு எடுத்துக் காட்டியது. மீத்தேனை அங்கே இதுவரை யாரும் தயாரித்ததில்லை.